குதிரைமுன் நின்ற சிப்பாய்: ஒராங்குட்டான் தொடக்கத்தின் வரலாறு

சதுரங்கப் பலகையில் காய்கள் அணிவகுத்து நிற்கும்போது, முதலில் ஆடும் வெள்ளைக்கு 20 வழிகளே உள்ளன. எட்டுச் சிப்பாய்களுள் எதுவும் ஒரு கட்டமோ இரு கட்டமோ முன்னேறலாம். குதிரைகள் இரண்டும் தமக்குரிய இரு கட்டங்களுள் ஒன்றுக்குத் தாவலாம். இவ்விருபதில் நான்கு மட்டுமே இராஜபாட்டைகளாக மதிக்கப்பெற்று வந்துள்ளன. ராஜாவின் சிப்பாயையோ, ராணியின் சிப்பாயையோ, ராணிப்பக்க மந்திரியின் சிப்பாயையோ இரு கட்டம் செலுத்துதல். அன்றி, ராஜாப்பக்கக் குதிரையை வெளிக்கொணர்தல். சதுரங்கத் தொடக்கங்களைப் பற்றி எழுந்த நூல்களுள் மிகப் பெரும்பாலானவை இந்த நான்கு வாயில்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன.

எஞ்சியவற்றுக்கு வாய்த்த இடம் மிகச் சிறியது. 1970களில் யூகோஸ்லாவியாவிலிருந்து வெளிவரத் தொடங்கிய சதுரங்கத் தொடக்கக் கலைக்களஞ்சியம், தொடக்கங்கள் அனைத்தையும் ஐந்நூறு குறியெண்களாக வகுத்தது. புகழ்பெற்ற ஒரு தொடக்கத்தின் கிளைகளுக்கே பல எண்களை ஒதுக்கிய அக்களஞ்சியம், வழக்கத்துக்குப் புறம்பான முதல் நகர்வுகளையெல்லாம் 'ஏ00' என்னும் ஒற்றை எண்ணுக்குள் திரட்டி வைத்துவிட்டது. வரிசையில் முதல் எண்தான். ஆயினும் மதிப்பில் புறக்கடை.

அப்புறக்கடையில் குடியிருப்போருள் ஒன்று, ராணிப்பக்கத்துக் குதிரைக்கு முன் நிற்கும் சிப்பாயை இரு கட்டம் செலுத்தும் நகர்வு. உலகம் அதனை ஒராங்குட்டான் தொடக்கம் என்று அழைக்கிறது. ஒரு கணிதப் பேராசிரியர் அதைக்கொண்டு முன்னாள் உலக வாகையரை வென்றார். ஒரு பெருவீரர் அதைக்கொண்டு பெரும்போட்டி ஒன்றில் தோற்றார். ஓர் ஆய்வாளர் அதற்கெனத் தனிநூலே எழுதினார். ஒரே நகர்வு கற்பவன் கையில் ஒன்றாகவும், பழகியவன் கையில் வேறொன்றாகவும், வல்லவன் கையில் பிறிதொன்றாகவும் ஆவது எங்ஙனம் என்பதை இதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

நகர்வின் இயல்பு

பலகையின் நெடுவரிசைகளை இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையும், கிடைவரிசைகளை வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரையும் குறிப்பது உலக வழக்கு. அதன்படி, இங்குப் பேசப்படும் சிப்பாய் பி2 கட்டத்திலிருந்து பி4 கட்டத்துக்குச் செல்கிறது. சதுரங்கத்தின் மூத்த போதனையோ, நடுவிலுள்ள நான்கு கட்டங்களைக் கைப்பற்று என்பதாகும். பி4 கட்டத்துக்குச் செல்லும் சிப்பாய் அந்த நான்கில் எதையும் தொடுவதில்லை, எதையும் தாக்குவதுமில்லை. போதாக்குறைக்கு, பாதுகாப்பின்றித் தனியே நிற்கிறது.

அப்படியாயின் அதன் பயன் யாது? முதலாவது, பி2 கட்டம் காலியாவதால் மந்திரி அங்கு வந்து அமரலாம். அங்கிருந்து அதன் பார்வை பலகையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை, நடுக்களத்தை ஊடறுத்து, எதிரியின் ராஜாப்பக்க யானைவரை நீளும். நடுக்களத்தில் குடியேறாமல் தொலைவிலிருந்தே அதனை ஆள நினைக்கும் உத்தி இது. இரண்டாவது, முன்னேறிய சிப்பாய் ராணிப்பக்கத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கறுப்பின் குதிரை தன் வழக்கமான கட்டத்துக்கு வந்தால், சிப்பாய் மேலும் ஒரு கட்டம் ஏறி அதை விரட்டலாம். மூன்றாவது, தன் ராஜாப்பக்கத்துக் காவலை இந்நகர்வு குலைப்பதில்லை. மறுபக்கத்துக் குதிரைச் சிப்பாயை இவ்வாறே ஓட்டுவோர் தம் ராஜாவின் கதவைத் தாமே திறந்து வைக்கின்றனர். இத்தொடக்கத்தில் அந்த இடர் இல்லை.

இதற்குக் கறுப்பு அளிக்கும் கூர்மையான விடை, ராஜாவின் சிப்பாயை இ5 கட்டத்துக்குச் செலுத்துவது. உடனே கறுப்பு மந்திரியின் வழி திறந்து, பி4 சிப்பாய் தாக்குதலுக்குள்ளாகிறது. வெள்ளை அதைக் காப்பதில்லை. தன் மந்திரியை பி2 கட்டத்தில் வைத்து, இ5 சிப்பாயைத் திருப்பித் தாக்குகிறது. கறுப்பு ஓரத்துச் சிப்பாயைக் கொள்கிறது. வெள்ளை நடுச்சிப்பாயைக் கொள்கிறது. கணக்கில் இழப்பு இருவர்க்கும் சமமே. ஆனால் வெள்ளைக்கு நடுக்களத்தில் ஒரு சிப்பாய் மிகுதி; கறுப்புக்குக் காய்களை விரைந்து வெளிக்கொணரும் வாய்ப்பு மிகுதி. இதில் எது பெரிது என்பதே இத்தொடக்கத்தின் மூல வழக்கு. அவ்வழக்கு நடுவரைப் பொறுத்தும் தீரவில்லை. ஆடுவோரைப் பொறுத்தே ஒவ்வொரு முறையும் தீர்ந்து வந்திருக்கிறது.

மாஸ்கோ, 1896

நிக்கொலாய் புகாயெவ் 1837இல் பிறந்தவர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மாஸ்கோ கணிதச் சங்கத்தின் தலைவராக 1891 முதல் 1903இல் மறையும்வரை விளங்கியவர். தொடர்ச்சியற்ற சார்புகளின் கணிதத்தில் ஆழ்ந்த அவருக்குச் சதுரங்கம் பொழுதுபோக்கு மட்டுமே. அவர் மகனோ இலக்கிய உலகம் நன்கறிந்தவர். போரிஸ் புகாயெவ் என்பது அவர் இயற்பெயர். அந்திரேய் பேலி என்பது புனைபெயர். ரஷ்யக் குறியீட்டுக் கவிஞர்களுள் முன்வரிசையினராகவும் 'பீட்டர்ஸ்பர்க்' நாவலின் ஆசிரியராகவும் நிலைபெற்ற பேலியின் புனைபெயருக்கு 'வெள்ளை' என்பது பொருள்.

வில்ஹெல்ம் ஸ்டெயினிட்ஸ் 1886இல் முதல் உலக வாகையராக ஏற்கப்பெற்றவர். 1894இல் எமானுவேல் லாஸ்கரிடம் பட்டத்தை இழந்தவர். சதுரங்கத்தை வீரவிளையாட்டு என்னும் நிலையிலிருந்து விதிகளுடைய துறை என்னும் நிலைக்கு உயர்த்தியவர் அவரே. சிறுசிறு அனுகூலங்களைச் சேர்த்து வைத்த பின்னரே தாக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1896இல் மாஸ்கோவில் அவர் ஒரே வேளையில் பலருடன் ஆடிய காட்சி ஆட்டத்தில், புகாயெவ் குதிரைமுன் சிப்பாயை இரு கட்டம் செலுத்தித் தொடங்கினார், வெற்றியும் பெற்றார். கறுப்பு இ5 என விடையளிக்கும்போது பி4 சிப்பாயை அடுத்துள்ள ஓரச் சிப்பாயால் தாங்கிப் பிடிக்கும் முறைக்கு இன்றும் புகாயெவ் தாக்குதல் என்றே பெயர் வழங்குகிறது.

இவ்வெற்றியைப் பெரிதாக்குவது எளிது, எடைபோடுவது கடினம். காட்சி ஆட்டத்தில் வித்தகர் ஒவ்வொரு பலகையின் முன்னும் சில நொடிகளே நிற்கிறார். எதிரில் அமர்ந்தவருக்கோ அவர் சுற்றி வரும்வரை சிந்திக்க நேரம் உண்டு. மேலும் ஸ்டெயினிட்ஸ் அப்போது அறுபதை நெருங்கியவர். அவ்வாண்டின் இறுதியில் அதே நகரில் தொடங்கிய மறுபோட்டியில் லாஸ்கரிடம் மீண்டும் தோற்று, அதன்பின் மனநலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். ஆதலின், புகாயெவின் வெற்றி அந்நகர்வின் வெற்றி என்று கொள்வதற்கில்லை. எனினும் ஒன்று உறுதி. விதிகளை வகுத்தவரின் எதிரேயே விதிக்குப் புறம்பான நகர்வொன்று வைக்கப்பட்டது, அது வீழ்ந்துவிடவில்லை.

நியூயார்க், 1924

அடுத்த அரங்கு நியூயார்க் நகரின் அலமாக் விடுதி. 1924 மார்ச் 16 முதல் ஏப்ரல் 18 வரை அங்கு நடைபெற்ற போட்டி, சதுரங்க வரலாற்றின் மிகச் சிறந்த போட்டிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. பதினொருவர் ஒருவரோடொருவர் இரு முறை மோதினர். உலக வாகையர் காப்பாபிளாங்கா, முன்னாள் வாகையர் லாஸ்கர், பின்னாள் வாகையர் அலேகின் ஆகிய மூவரும் அதில் இருந்தனர். அவர்களோடு சாவியெல்லி தார்த்தகோவரும் இருந்தார்.

தார்த்தகோவரின் வாழ்வே ஒரு நாவலுக்குரியது. 1887இல் ரஷ்யாவின் தோன்நதி ரஸ்தோவில் பிறந்தார். வியன்னாவில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1911இல் அவருடைய பெற்றோர் ரஸ்தோவில் கொலையுண்டனர். முதல் உலகப்போரில் ஆஸ்திரியப் படையில் பணிபுரிந்தார். பின்னர்ப் பாரீசில் குடியேறியும், போலந்து அணிக்காக ஆடி, 1930இல் ஹாம்பர்க் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்றார். இரண்டாம் உலகப்போரில் 'லெப்டினன்ட் கார்த்தியே' என்னும் பெயர் பூண்டு தெகோலின் விடுதலைப் படையில் சேர்ந்தார். 1956இல் பிரெஞ்சுக் குடிமகனாகப் பாரீசில் மறைந்தார். நாடும் பெயரும் பலமுறை மாறிய அம்மனிதரிடம் மாறாது நின்றவை இரண்டு: சதுரங்கம், நகைச்சுவை. தோல்வியையும் பிழையையும் பற்றி அவர் உதிர்த்த சிறுமொழிகள் சதுரங்க அரங்குகளில் இன்றும் பழமொழிகளாக உலவுகின்றன.

போட்டியின் இடையே ஆட்டக்காரர்கள் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலைக்குச் சென்றனர். அங்கிருந்த சூசன் என்னும் பெண் ஒராங்குட்டான் தார்த்தகோவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. 'ஒராங் ஊத்தான்' என்பது 'காட்டு மனிதன்' எனப் பொருள்படும் மலாய்ச் சொல். அடுத்த ஆட்டத்தை எப்படித் தொடங்கலாம் என்று தார்த்தகோவர் சூசனிடம் ஆலோசனை கேட்டதாகவும், அது தன் விருப்பத்தை ஒருவாறு தெரிவித்ததாகவும் கதை. ஹங்கேரிய வீரர் கேசா மரோட்சிக்கு எதிரே அவர் அமர்ந்து, குதிரைமுன் சிப்பாயைச் செலுத்தினார். மூன்றாம் நகர்விலேயே அச்சிப்பாய் பி5 கட்டத்துக்கும் ஏறிவிட்டது. மரத்தில் தொற்றித் தொற்றி ஏறும் ஒராங்குட்டானை அச்சிப்பாயின் ஏற்றம் நினைவூட்டுவதாகப் பின்னர் அவரே விளக்கம் தந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆட்டத்தில் மரோட்சி வென்றார். ஆனால் தொடக்கத்தினின்று தார்த்தகோவர் வெளிவந்தபோது அவர் நிலை தாழ்ந்திருக்கவில்லை; தோல்வி பின்னர் நேர்ந்தது. இவ்வேறுபாட்டைக் கதை மறைத்துவிட்டது. குரங்கிடம் கேட்டு ஆடினார், தோற்றார் என்று முடியும்போது கதைக்கு ஒரு வடிவழகு கிடைக்கிறது. அவ்வழகுக்கு விலையாக, ஒரு நகர்வு ஆராய்ச்சிக்குரியது என்னும் நிலையிலிருந்து சிரிப்புக்குரியது என்னும் நிலைக்கு இறங்கிற்று.

அலேகினின் குற்றச்சாட்டும் ரெட்டியின் விடையும்

அப்போட்டியின் ஆட்டங்களைத் தொகுத்து உரை எழுதியவர் அலேகின். அந்நகர்வு புதியதன்று, பழையதே என்று அவர் சுட்டினார். அதன் குறையையும் துல்லியமாகக் கூறினார்: கறுப்பு எத்தகைய அமைப்பை நாடும் என்பது தெரியும் முன்பே, வெள்ளை தன் எண்ணத்தை வெளிப்படுத்திவிடுகிறது. குரங்கைப் பற்றிய சிரிப்பை விடுத்து நகர்வின் உள்ளே நுழைந்த திறனாய்வு இது. பி4 கெட்ட கட்டம் என்று அவர் சொல்லவில்லை. முதல் நகர்வாகச் சொல்வதற்குரிய சொல் அதுவன்று என்பதே அவர் கருத்தின் சாரம்.

இக்கருத்தின் உண்மையை அதே அரங்கில் அதே மாதத்தில் நிகழ்ந்த ஓர் ஆட்டம் மெய்ப்பிக்கிறது. மார்ச் 22 அன்று ரிச்சர்ட் ரெட்டி காப்பாபிளாங்காவுடன் மோதினார். காப்பாபிளாங்கா எட்டு ஆண்டுகளாகத் தோல்வி காணாதவர். சதுரங்க இயந்திரம் என்றே அழைக்கப்பட்டவர். ரெட்டி முதலில் குதிரையை வெளிக்கொணர்ந்தார். பின் ராணிப்பக்க மந்திரியின் சிப்பாயை முன்செலுத்தினார். கறுப்பு தன் மந்திரியை ராஜாப்பக்கத்திலிருந்து நெடுமூலைவழியில் அமர்த்தப் போகிறது என்பது தெரிந்தவுடன், மூன்றாம் நகர்வாக பி4, நான்காவதாக மந்திரி பி2. இரு மந்திரிகளும் ஒரே மூலைவழியின் இரு முனைகளில் எதிரெதிரே நின்றன. 31ஆம் நகர்வில் ஆட்டம் முடிந்தது. உலக வாகையர் தோற்றார்.

அதே சிப்பாய், அதே கட்டம், அதே மண்டபம். தார்த்தகோவர் முதல் நகர்வாக வைத்தது வேடிக்கை எனப்பட்டது. ரெட்டி மூன்றாம் நகர்வாக வைத்தது ஒரு புதுநெறியின் வெற்றிமுரசாயிற்று. நடுக்களத்தைச் சிப்பாய்களால் நிரப்பாமல், தொலைவிலிருந்து காய்களால் அடக்கும் அந்நெறிக்கு 'மீநவீனம்' என்னும் பெயரை வழங்கியவரும் தார்த்தகோவரே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இரு ஆட்டங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு இரண்டே நகர்வுகள். கருத்து ஒன்றேயாயினும் காலம் அறிந்து வைத்தபோதுதான் அது மதிப்புப் பெற்றது.

சொகோல்ஸ்கியின் உழைப்பு

வேடிக்கைப் பெயரைச் சுமந்த தொடக்கத்துக்கு மறுவாழ்வு தர முனைந்தவர் அலெக்சேய் சொகோல்ஸ்கி. 1908இல் பிறந்து 1969இல் மறைந்த இவர், உக்ரேன் வாகையர் பட்டத்தை 1947, 1948 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றவர். சோவியத் நாட்டின் சிறந்த தொடக்க ஆய்வாளர்களுள் ஒருவர். ராஜாவின் சிப்பாயும் ராணியின் சிப்பாயும் அரசாண்ட காலத்தில், இவர் குதிரைமுன் சிப்பாயையே மீண்டும் மீண்டும் ஆடினார். வெற்றிகளையும் தோல்விகளையும் ஆராய்ந்தார். 1963இல் அந்த ஒற்றை நகர்வை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு தனிநூல் வெளியிட்டார். அதன்பின் நூல்வழக்கில் அது சொகோல்ஸ்கி தொடக்கம் ஆயிற்று.

இவ்வுழைப்பில் ஒரு முரண் உண்டு. அரிய தொடக்கத்தின் வலிமையில் ஒரு பகுதி, எதிராளி அதனை அறியாமையே. அதை விளக்கி நூல் எழுதுபவர், ஆடுவோருக்கு ஆயுதம் தரும் அதே கையால் எதிர்ப்போருக்கும் கவசம் தருகிறார். மறைத்து வைத்திருப்பின் அது தந்திரமாக மட்டுமே நின்றிருக்கும், வெளிப்படுத்தியதால் அறிவாயிற்று, அறிவானதால் வியப்பை இழந்தது. சொகோல்ஸ்கி அறியாது செய்ததன்று இது. ஒரு நகர்வு தன் வியப்பை இழந்தபின்னும் நிற்குமா என்று காண்பதே ஆய்வாளனின் கடமை. அவர் நூலுக்குப் பின்னரும் அது நின்றது. ஆனால் உயர்மட்டத்தின் அன்றாட வழக்கில் சேரவில்லை. 1923இல் ரெட்டி ஸ்கெவனிங்கனில் அதை ஆடியதுபோல, 1960இல் மாஸ்கோ - லெனின்கிராட் போட்டியில் போரிஸ் ஸ்பாஸ்கி வசீலி ஸ்மிஸ்லோவுக்கு எதிரே அதை ஆடியதுபோல, பெருவீரர்கள் எப்போதேனும் ஒரு நாள் அதனை எடுத்தாண்டு மீண்டும் வைத்துவிட்டனர்.

இதன் கண்ணாடிப் பிம்பம் போன்ற ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1980இல் ஸ்வீடனின் ஸ்காரா நகரில் ஐரோப்பிய அணிப் போட்டி நடந்தது. அன்றைய உலக வாகையர் அனத்தோலி கார்ப்போவ் ராஜாவின் சிப்பாயைச் செலுத்தித் தொடங்க, இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி விடையளித்தார். அடுத்து, குதிரைமுன் சிப்பாயை இரு கட்டம் செலுத்தினார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. இறுதியில் மைல்ஸ் வென்றார். வாகையரின் நினைவில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த ஆயிரம் வழிகளும் இரண்டாம் நகர்விலேயே பயனற்றுப்போயின. இருவரும் வெறுங்கையுடன் நடு ஆட்டத்துக்கு வந்தனர். அந்த ஒருநாளில் மைல்ஸ் மேம்பட்டு ஆடினார்.

கைக்கேற்ற நகர்வு

வென்ற ஆட்டங்களை எண்ணி ஒரு தொடக்கத்தை மதிப்பிடுதல் பிழையான கணக்கு. அர்பத் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. அம்முறைப்படி, எதிராளியைவிட 100 புள்ளி உயர்ந்தவர் நீண்டகால அளவில் நூற்றுக்கு 64 பங்கும், 200 புள்ளி உயர்ந்தவர் 76 பங்கும் பெறுவார் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே ஒரு தொடக்கத்தின் திறனைக் காண, பெற்ற புள்ளியை அல்ல, எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள இடைவெளியையே பார்க்கவேண்டும். இன்னோர் அளவுகோலும் தேவை. தேர்ந்தோர் ஆட்டங்களில் முதலில் ஆடும் வெள்ளை பொதுவாக நூற்றுக்கு 52 முதல் 56 பங்கு பெற்று வந்துள்ளது. அச்சிறு மிகுதியைக் காப்பதா, கைவிடுவதா என்பதே முதல் நகர்வின் வினா.

கற்கத் தொடங்கியோர் நிலையில் இத்தொடக்கத்துக்குத் தனி வியப்பு எதுவும் இல்லை. எல்லா நகர்வுகளும் புதியனவாக இருக்கும் இடத்தில் அரியது, பெரியது என்னும் பிரிவே இல்லை. அங்கு முடிவு செய்வது கவனக்குறைவு ஒன்றே. இ5 என விடையளித்து, பி4 சிப்பாயை மந்திரியால் கொண்ட கறுப்பு, வெள்ளை மந்திரி இ5 சிப்பாயைக் கொண்ட பின், ராணிப்பக்கக் குதிரையை எடுத்துவைத்து அந்த மந்திரியை விரட்ட நினைப்பது இயல்பு. அவ்வாறு செய்தால் வெள்ளை மந்திரி ஜி7 சிப்பாயையும் கொண்டு, வெளியேற வழியில்லாத யானையைப் பிடித்துவிடும். மற்றைக் குதிரையை எடுத்து மூலைவழியை மறித்திருந்தால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் இக்கண்ணி இருமுனை உடையது. பி4 சிப்பாய்க்குக் காவல் இல்லை என்பதை மறந்து, மந்திரியை பி2 கட்டத்துக்குக் கொண்டுவரத் தவறும் வெள்ளை, ஒன்றும் பெறாமலே ஒரு சிப்பாயை இழந்து நிற்கும். மேலும், நடுக்களத்தின் அருமையை ஆடி அறியாதவன், அதைத் தொலைவிலிருந்து ஆளும் கலையை முதலிலேயே கற்க முயல்வது, நிலத்தில் நடக்குமுன் கயிற்றில் நடக்க முயல்வதை ஒக்கும்.

இடைநிலையில்தான் இத்தொடக்கத்தின் பல் கூர்மையாகிறது. சங்கங்களில் ஆடுவோர், ஏறத்தாழ 1400 முதல் 2000 வரை தரப்புள்ளி உடையோர், நூல்வழித் தொடக்கங்களைப் பயின்றவர்கள். அவர்களுடைய நினைவு புரிதலைவிட ஓரடி முந்திச் சென்றிருக்கும். குதிரைமுன் சிப்பாய் முதல் நகர்விலேயே அந்நினைவைக் கைநழுவச் செய்கிறது. அவர்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பர். எதிரில் இருப்பவரோ அதை வாரந்தோறும் ஆடிப் பழகியிருப்பார். அதனினும் பெரிய இடர், விதியை மீறிய நகர்வை உடனே தண்டித்தாக வேண்டும் என்னும் எண்ணம். அமைதியாகக் காய்களை வெளிக்கொணர்ந்தாலே போதுமானது. அவர்களோ தண்டிக்கும் வேகத்தில் சிப்பாய்களை அளவின்றி முன்னேற்றி, நெடுமூலைவழியில் காத்திருக்கும் மந்திரிக்குத் தாமே வழிதிறந்து விடுகின்றனர். நேரம் குறைந்த விரைவு ஆட்டங்களில் இவ்விளைவு இன்னும் மிகும்.

வல்லோர் நிலையில் வியப்பு மீண்டும் தணிகிறது. நகர்வைப் பார்த்திராவிடினும் அதன் தேவை என்ன என்பதை அவர்கள் பலகையிலேயே படித்துவிடுகின்றனர். ராணியின் சிப்பாயை நடுவில் நிறுத்தி, மந்திரியை வெளிக்கொணர்ந்து, ராஜாவைக் காப்பிடத்தில் அமர்த்தும் கறுப்புக்கு ஒரு குறையும் நேர்வதில்லை. முதலில் ஆடுவோருக்குரிய சிறு மிகுதி கரைந்து ஆட்டம் சமனாகிறது. அதற்குமேல் எவர் சிறப்பாக ஆடுகிறாரோ அவர் வெல்கிறார். எனவே, பெருவீரர்கள் இதை ஒதுக்குவது இது தோற்கும் நகர்வு என்பதால் அன்று. கிடைத்த அனுகூலத்தை வாளா விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை என்பதாலேயே.

1997இல் டீப் புளூ கணினி காரி காஸ்பரோவை ஆறு ஆட்டப் போட்டியில் வென்றது. அதன்பின் வளர்ந்த கணினிகள் இவ்வழக்கை உணர்ச்சியின்றி ஆராய்ந்துள்ளன. அவற்றின் கணிப்பும் ஏறத்தாழ இதுவே: பி4 நகர்வுக்குப் பின் ஆட்டம் சமநிலைக்கு அருகில் நிற்கிறது, வெள்ளை தன் மிகுதியை இழக்கிறதேயன்றி வீழ்வதில்லை. ஒருநூற்றாண்டுச் சிரிப்பும் ஒரு மனிதரின் வாழ்நாள் ஆர்வமும் ஒருங்கே திருத்தம் பெறும் தீர்ப்பு இது. கணினி தந்த இன்னொரு விளைவும் உண்டு. இராஜபாட்டைகள் இருபது நகர்வு ஆழத்துக்கும் மனப்பாடமாகிவிட்டபடியால், மனப்பாடத்தை விட்டு விலகிச் சொந்த அறிவால் ஆட விரும்புவோருக்குப் புறக்கடைப் பாதைகள் மீண்டும் பொருளுடையனவாகியுள்ளன.

நிறைவாக

ஓரத்துச் சிப்பாய் ஒன்றின் இவ்வரலாற்றில் தீர்ப்புகள் எத்தனையோ வழங்கப்பட்டன. அவற்றுள் பல நகர்வைப் பற்றியவை அல்ல. புகாயெவின் வெற்றியில் ஸ்டெயினிட்சின் களைப்புக்கும் பங்கு உண்டு. தார்த்தகோவரின் தோல்வியில் மரோட்சியின் உறுதிக்குப் பங்கு உண்டு. அத்தோல்வியின் புகழிலோ சூசனுக்கே முழுப்பங்கு. நகர்வை நகர்வாகவே பார்த்தவர்கள் சிலரே. குறையைச் சரியாகச் சொன்ன அலேகின் ஒருவர். குறை நீங்கும் இடத்தைக் காட்டிய ரெட்டி ஒருவர். நிறையையும் குறையையும் சேர்த்தே எழுதி வைத்த சொகோல்ஸ்கி ஒருவர்.

புதுநெறி ஒன்று தோன்றும்போதெல்லாம் சிரிப்பு முதலில் வருகிறது. பின்பற்றுவோர் அடுத்து வருகின்றனர். ஆராய்வோர் கடைசியில் வருகின்றனர். யாப்பை உடைத்த கவிதைக்கும் இதுவே நேர்ந்தது என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மரபை அறியாதவன் கையில் மீறல் தடுமாற்றமாகிறது. மரபை மனப்பாடமாக மட்டும் வைத்திருப்பவன் எதிரே அது ஆயுதமாகிறது. மரபை உணர்ந்தவன் எதிரே இன்னொரு நேர்மையான தொடக்கமாக அமைதி கொள்கிறது. மீறல் என்பதற்காகவே ஒரு நகர்வு வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை.

அந்த நகர்வு இன்று சில இடங்களில் சொகோல்ஸ்கியின் பெயராலும், சில இடங்களில் போலந்தின் பெயராலும், பெரும்பாலோர் நாவில் ஒராங்குட்டானின் பெயராலும் வழங்குகிறது. எப்பெயரால் அழைப்பினும், பி4 கட்டத்துச் சிப்பாய் துணையின்றித்தான் நிற்கும். அதற்குத் துணை செய்யவேண்டியது அடுத்த நகர்வே.